கிழக்கே பார்த்து நிற்க வேண்டிய வீடு

நான் வாங்கி வந்த கேரவனுக்குள் முதன்முதலாக ஏறிய என் மனைவி, ஏறியதைவிட இரண்டு மடங்கு வேகத்தில் இறங்கினாள். செருப்பைக்கூடப் போடாமல் வாசல் குழாயடிக்குப் போய்க் காலைக் கழுவினாள். பிறகு முகத்தைக் கழுவினாள். அதற்குப் பிறகுதான் என்னைத் திட்ட ஆரம்பித்தாள். சுத்தபத்தமாக நின்று திட்ட வேண்டும் என்று நினைத்திருப்பாள்.

“அடுப்பு இருக்கிற ரூம்புக்குள்ளயே கக்கூச வச்சிருக்கானே, அவன் மனுசனா? அத வாங்கிட்டு வந்திருக்கியளே, நீங்க மனுசனா?”

இரண்டாவது கேள்விக்கு என்னிடம் உறுதியான பதில் இல்லை. முதல் கேள்விக்கு மட்டும் சொன்னேன். “வெளிநாட்டுல எல்லாரும் இப்படித்தான் வச்சிருக்காங்களாம்.”

“அவிய நாட்டுல அவிய எங்கயும் வச்சிக்கிடட்டும். நான் சோறு பொங்குற எடத்துல வைக்க நீங்க யாரு?”

அவளுக்காகத்தான் அந்தக் கழிப்பறை. அந்தக் கழிப்பறைக்காகத்தான் அந்த வண்டி. அதைப் பார்த்ததும் அவள் அழுதுவிடுவாள் என்று எதிர்பார்த்திருந்தேன். அழுதாள்தான், ஆனால் நான் நினைத்த காரணத்துக்காக இல்லை.

கேரவன் என்றதும் சினிமாக்காரர்கள் முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பெரிய பஸ்ஸை நினைத்துக்கொள்ள வேண்டாம். ராஜபாளையத்தில் எங்கள் தெருவே அப்படித்தான் நினைத்தது. இது எஞ்சின் இல்லாத ஒரு பெட்டி வீடு. ஜீப்புக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துக்கொண்டு போக வேண்டும். உள்ளே படுக்கை, மடக்கு மேசை, முன்பக்க மூலையில் ஒரு கேஸ் அடுப்பு, எதிர்ப்பக்கத்தில் பின்மூலையில் ஒரே ஒரு ஆள் மட்டும் நுழையக்கூடிய கழிப்பறை. கோயம்புத்தூர்ப் பக்கம் ஒருவர் ஆசை ஆசையாகச் சொல்லிச் செய்து, ஒரே ஒரு தடவை வெளியூர் போய்விட்டு விற்றுவிட்டார். ஒரே தடவையோடு ஏன் விற்கிறார் என்று யோசிக்கிற ஆள் அதை வாங்கியிருக்க மாட்டான். நூல் மில்லுக்கு உதிரி பாகம் விற்கிறவன் நான். கடைக்கு வருகிற ஒரு போல்ட்டை நாலு தடவை திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். ஒரு முழு வீட்டைப் பார்த்த மாத்திரத்தில் வாங்கிவிட்டேன்.

வருகிற வழியில் ஒரு டோல்கேட்டில் நிறுத்திவிட்டார்கள். உள்ளே இருந்தவர் வெளியே வந்து சுற்றிப் பார்த்தார்.

“அண்ணே, இது லாரியா பஸ்ஸா?”

“வீடு.”

“வீட்டுக்கு எங்ககிட்ட ரேட்டு இல்லண்ணே” என்றவர், பின்னால் நின்ற லாரிகள் ஊதிய ஊதலில் பயந்துபோய் எதையோ போட்டு அனுப்பிவிட்டார்.

தெருவுக்குள் நுழைந்தபோது கல்லூரிப் பெண்கள் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். நடிகர் யாரோ வந்திருக்கிறார் என்று நினைப்பு. ஜீப்பிலிருந்து நான் இறங்கினேன். சொந்த வீட்டு வாசலில் இறங்கிய குற்றத்துக்காக ஒரு மனிதனை இத்தனை பேர் இவ்வளவு வெறுப்போடு பார்த்து நான் கண்டதில்லை. எதிர்வீட்டுப் பெரியவர் மட்டும் பொறுமையாகச் சுற்றி வந்து, டயரைத் தட்டி, ஜன்னலைத் தட்டி, அவர் வீட்டுத் தெலுங்கிலேயே “இல்லா, பண்டியா?” என்று கேட்டார். வீடா, வண்டியா என்கிறார். பின்னால் வந்த கூத்துக்கெல்லாம் அந்த ஒரு கேள்விதான் காரணம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

இதை ஏன் வாங்கினேன் என்று சொல்லிவிடுகிறேன்.

என் மனைவி எங்கேயும் வரமாட்டாள். கல்யாணமா, வரமாட்டாள். கோயிலா, நீங்க போயிட்டு வாங்க. மீறிக் கூப்பிட்டால் அரைத்த மாவு புளித்துப் போகும், செடி வாடிப் போகும், பால்காரர் வந்து திரும்பிப் போவார் என்று ஏதாவது வரும். எனக்கு இது ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிற விஷயம். “எங்க வீட்டம்மாவ நகட்டணும்னா ஜேசிபிதான் வரணும்” என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வேன். அவர்களும் சிரிப்பார்கள்.

மதுரையில் படிக்கிற எங்கள் மகள் லீவுக்கு வந்திருந்தபோது அவளிடமும் இதையே சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

“அப்பா, அம்மாவுக்குச் சுகர். ஒரு மணி நேரத்துக்கு ஒருக்கா போயாகணும். ரோட்டுல எங்க போவாங்க? நீங்க பஸ் நின்னா எறங்கி ஒரு மரத்தப் பாத்துப் போயிருவீங்க. கல்யாண மண்டபத்துல இருக்கிற கக்கூச ஒரு நாளாச்சும் உள்ள போய்ப் பாத்திருக்கீங்களா? அதுக்குப் பயந்துதான் அம்மா போற எடத்துல ஒரு வாய் தண்ணி குடிக்காது. சோறும் திங்காது.”

கையில் காபி டம்ளர் இருந்தது. அதைக் குடிக்கவும் தோன்றவில்லை, கீழே வைக்கவும் தோன்றவில்லை. மாவாவது செடியாவது. இத்தனை வருஷமாக என்னோடு ஒரே வீட்டில் இருக்கிறவள், இதை என்னிடம் சொல்வதைவிடப் பால்காரரைச் சொல்வது எளிது என்று முடிவு செய்திருக்கிறாள்.

“அம்மாவுக்கு ராமேஸ்வரத்துல கடலப் பாக்கணும்னு ஆசை. உங்ககிட்டச் சொன்னா நீங்க அதையும் கடையில போய்ச் சொல்லிச் சிரிப்பீங்களாம்” என்றாள் மகள்.

அடுத்த மாதம் நான் கோயம்புத்தூரில் நின்றேன்.

இப்போது கதைக்கு வருவோம். காலைக் கழுவிய நாளிலிருந்து அவள் அந்த வண்டிப் பக்கமே போகவில்லை. துணி காயப்போடப் போனாலும் சுற்றிக்கொண்டு போனாள். மகள்தான் பேசிப் பேசிக் கரைத்தாள். கடைசியில் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தாள். “மனையடி பாக்கிற ஆளக் கூட்டிட்டு வாங்க. அவிய சரின்னு சொன்னாச் சரி. தப்புன்னு சொல்லிட்டா வித்துருங்க.”

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வாஸ்துக்காரர் தன் டிவிஎஸ் வண்டியில் வந்தார். திசைகாட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கேரவனைச் சுற்றினார். உள்ளே போனார், வெளியே வந்தார், மறுபடியும் சுற்றினார். நெற்றியில் வேர்த்துவிட்டது.

“வீடு பாத்திருக்கேன், கடை பாத்திருக்கேன், மில்லு பாத்திருக்கேன், கோழிப் பண்ணகூடப் பாத்திருக்கேன். இப்படித் தெசைய மாத்திக்கிட்டு அலையிற வீட்ட இன்னிக்குத்தான் பாக்குதேன்” என்றார்.

“அப்ப இதுக்குச் சாஸ்திரம் கெடையாதுல்ல?” என்று நான் ஆசையோடு கேட்டேன்.

“ஓடுனா வண்டி. நின்னா வீடு. நின்னுட்டா சாஸ்திரம் உண்டும்.”

என் மனைவியின் முகத்தில் முதல்முறையாக வெளிச்சம் வந்தது.

அவர் மண்ணில் கோடு போட்டு விளக்கினார். வண்டியின் முகம் கிழக்கே பார்த்து நின்றால் அடுப்பு அக்கினி மூலையில் விழும், கழிப்பறை வாயு மூலையில் விழும். அளந்து கட்டியதுபோல அவ்வளவு பொருத்தம். இப்படி ஒரு வீட்டைத் தானேகூடக் கட்டியிருக்க முடியாது என்றார். ஆனால் மற்ற மூன்று திசையும் ஆகாது.

“தெக்க பாத்து நின்னா?” என்று என் மனைவி கேட்டாள்.

அவர் வாயைக் கையால் மூடிக்கொண்டார். “கழிப்பற ஈசானியத்துல போயி விழும்மா. சாமி மூலை. அதுக்குப் பேசாம ஊர விட்டே போயிரலாம்.”

“ஊர விட்டுப் போகத்தான வண்டியே வாங்கியிருக்கேன்” என்றேன். யாரும் சிரிக்கவில்லை. வாஸ்துக்காரர் காபியைக் குடித்துவிட்டு, நல்ல காரியம் செய்த நிறைவோடு போனார்.

அன்று மாலையே வண்டிக்கு மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். அவள் உள்ளே போய் அடுப்பில் பால் காய்ச்சினாள். வெளியே வந்து என்னிடம் தனியாகச் சொன்னாள். “எங்க நின்னாலும் கெழக்க பாத்து நிப்பாட்டிருங்க. நான் வாரேன். ஒருவாட்டி தெச தப்புனாலும் வித்துருங்க. அதுக்குப் பொறவு என்னிய எங்கயும் கூப்பிடப்படாது.”

“இம்புட்டுத்தான? நிப்பாட்டிருதேன்” என்றேன்.

பின்னால் ஒரு பெட்டியை மாட்டிக்கொண்டு வண்டியை ரிவர்ஸ் எடுத்துப் பார்த்தவர்கள் மட்டும் இந்த இடத்தில் என்னைப் பார்த்துப் பரிதாபப்படுங்கள். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். முன்னால் போவதில் ஒரு கஷ்டமும் இல்லை. நாய்க்குட்டி மாதிரி பின்னாலேயே வரும். பின்னால் எடுக்கும்போதுதான் அதற்குப் புத்தி பிசகிவிடும். ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தால் பெட்டி வலது பக்கம் போகும். சரியென்று வலது பக்கம் ஒடித்தால், அதற்குள் அது இடது பக்கம் போக முடிவு செய்திருக்கும். இன்னும் கொஞ்சம் ஒடித்தால் ஜீப்பும் பெட்டியும் முகத்தோடு முகம் பார்த்துப் பேச ஆரம்பித்துவிடும். மில் மைதானத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பழகினேன். முடிவில் அங்கே கிரிக்கெட் விளையாடிக்கொண்டிருந்தவர்கள் ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டு வேறு மைதானத்துக்குப் போய்விட்டார்கள்.

முதல் சோதனை ஓட்டம் அய்யனார் கோவிலுக்கு. பக்கத்தில்தான் இருக்கிறது, ஏதாவது ஆனால் வீட்டுக்கு ஓடி வந்துவிடலாம். ஆனால் அய்யனார் கோவிலுக்குப் போகிற பாதை மலையைப் பார்த்துப் போகிறது. மலை மேற்கே இருக்கிறது. போய் நின்றால் வண்டி மேற்கே பார்த்து நிற்கிறது.

“அப்பா, முழுசாத் திருப்பணும்” என்றாள் மகள். அவள் கையில் செல்போன், அதில் திசைகாட்டி.

அருவியில் குளித்துவிட்டுத் தலையில் ஈரத்துண்டோடு இறங்கி வந்த ஆண்கள் எல்லாருக்கும் அன்று ஒரு வேலை கிடைத்தது. “ஒடி, ஒடி, ஒடிண்ணே, நல்லா ஒடி… ஏலே, அந்தப் பக்கம் இல்லலே, இந்தப் பக்கம்!” என்று ஒருவர். “அவன் சொல்லுதத கேக்காதிய, நேரா வாங்க” என்று இன்னொருவர். சொன்னவர்களில் பாதிப்பேர் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதவர்கள் என்று பின்னால் தெரிந்தது. என் மனைவி ஜீப்பில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். சாமி கும்பிடுகிறாளா, அடக்கிக்கொண்டிருக்கிறாளா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

கடைசியில் கொக்கியைக் கழற்றிவிட்டு, எல்லாரும் சேர்ந்து ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரைத் திருப்புகிற மாதிரிக் கையாலேயே திருப்பினார்கள். “இன்னும் செத்த… இன்னும் செத்த… கெழக்கு!” என்று மகள் கத்தியதும் கை தட்டினார்கள். எதற்காக ஒரு குடும்பம் அருவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கப் பிடிவாதம் பிடிக்கிறது என்று அவர்களில் ஒருவரும் கேட்கவில்லை. நம் ஊர் ஆண்களிடம் ஒரு நல்ல குணம். காரணம் தெரியாமலேயே முழு மூச்சாக உதவுவார்கள்.

ஆனால் அதற்குப் பிறகு நடந்ததை நான் மறக்க மாட்டேன். அவள் உள்ளே போய்விட்டு வந்தாள். கையைக் கழுவிவிட்டு அடுப்பைப் பற்றவைத்து எங்களுக்குக் காபி போட்டாள். தனக்கும் சீனி இல்லாமல் ஒரு டம்ளர் ஊற்றிக்கொண்டாள். வீட்டுக்கு வெளியே அவள் ஒரு டம்ளர் முழுக்கக் குடித்து நான் பார்த்ததே இல்லை. கொண்டுவந்திருந்த புளியோதரையை மத்தியானம் மூன்று பேரும் மடக்கு மேசையில் சாப்பிட்டோம். அவள் இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டாள். சாப்பிட்டுவிட்டு ஜன்னல் ஓரத்தில் தலையணையைச் சாய்த்துக்கொண்டு, மலையில் மேகம் ஏறி இறங்குவதைச் சாயங்காலம் வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நல்லாத்தான் இருக்கு” என்றாள்.

நான் திகைத்துப்போய் மகளைப் பார்த்தேன். அவள் செல்போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தத் தைரியத்தில்தான் ராமேஸ்வரம் கிளம்பினோம்.

என் மனைவி குறித்துச் சொன்ன நல்ல நேரத்தில் காலையில் புறப்பட்டு ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டினோம். பால்கோவாக் கடைகள் வரும்போது அவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். சுகர்க்காரர்கள் அந்தத் தெருவைக் கடப்பதற்குத் தனி மனவலிமை வேண்டும். கோபுரத்துக்கு ஜீப்பில் இருந்தபடியே ஒரு கும்பிடு. வழியில் எங்கெங்கே நிற்கலாம், எந்த இடம் கிழக்கே பார்த்திருக்கும் என்றெல்லாம் மகள் செல்போனில் பார்த்துக் குறித்து வைத்திருந்தாள். முதல் இடம் இன்னும் தூரத்தில் இருந்தது. அய்யனார் கோவிலில் ருசி கண்ட என் மனைவி காலையிலேயே இரண்டு டம்ளர் காபி குடித்திருந்தாள்.

“எங்கயாச்சும் நிப்பாட்டுங்க” என்றாள்.

“இன்னும் செத்த தூரம்தான்…”

“நிப்பாட்டுங்க.”

அந்தக் குரலுக்கு மேல் பேச முடியாது. வன்னியம்பட்டிப் பக்கம் வயலுக்கு நடுவே போகிற ஒரு சின்ன ரோட்டில் திரும்பினேன். ஒரு பக்கம் வாய்க்கால், இன்னொரு பக்கம் நெல் காயப்போடுகிற களம். களத்துக்குள் பின்பக்கமாக எடுத்துத் திருப்பினால் அழகாகக் கிழக்கே பார்த்து நிற்கும். காகிதத்தில் போட்டுப் பார்த்தால் சரியாக வரும் கணக்கு அது.

இடது பக்கம் ஒடித்தேன். பெட்டி வாய்க்காலைப் பார்த்துப் போனது. வலது பக்கம் ஒடித்தேன். பெட்டி அசையாமல் நின்று, ஜீப் மட்டும் தானாகத் திரும்பி ரோட்டுக்குக் குறுக்கே நின்றுகொண்டது. முன்னால் போனால் வாய்க்கால். பின்னால் போனால் பெட்டியின் மூக்கு ஜீப்பின் விலாவில் இடிக்கும். ரோட்டில் இனி ஒரு ஆடுகூடப் போக முடியாது.

“எந்தத் தெச?” என்று மகளிடம் கேட்டேன்.

அவள் செல்போனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மெதுவாக, அம்மாவுக்குக் கேட்கக்கூடாது என்று நினைத்தவள் போல, “தெற்கு” என்றாள்.

கழிப்பறை ஈசானியத்தில் நிற்கிறது.

இந்த நேரம் பார்த்து முகத்தில் பிங்க் சாயம் பூசிய டவுன் பஸ் ஒன்று வந்து முட்டிக்கொண்டு நின்றது. பெண்களுக்கு டிக்கெட் இல்லாத பஸ் என்பதால் உள்ளே முழுக்கப் பெண்கள். பின்னாலேயே தேங்காய் ஏற்றிய டிராக்டர் ஒன்று, நாலைந்து பைக்குகள். எல்லாரும் ஹாரன் அடித்தார்கள். கண்டக்டர் இறங்கி வந்தார்.

“என்னண்ணே இது, ரோட்டுல வீடு கட்டிக்கிட்டு இருக்கிய?”

“டயர்ல காத்து கொறையுது, செத்தப் பாத்துக்கிட்டு இருக்கேன்” என்றேன். வாயில் அதுதான் வந்தது.

“காத்து எறங்குன டயருக்கு எதுக்கு முன்னயும் பின்னயும் ஆட்டுறிய?”

“அண்ணே, லெஃப்ட்ல ஒடிங்க” என்றார் டிராக்டர்காரர். “ஒடிக்காதிய, கொக்கியக் கழட்டுங்க” என்றார் பைக்கில் வந்த ஒருவர். “கெழக்க திருப்பணும், கெழக்க!” என்று நான் கத்தினேன். “எதுக்கு கெழக்க? ரோடு தெக்கயும் வடக்கயும்தான போகுது?” என்று கண்டக்டர் கேட்டார். நியாயமான கேள்வி. மறுபடியும் ஸ்டியரிங்கைப் பிடித்து ஒடித்தேன். உள்ளே, பக்கத்து சீட்டில் என் மனைவி கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தாள். உதட்டைக் கடித்திருந்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

அப்போதுதான் என் மகள் அதைச் செய்தாள். ஜீப்பிலிருந்து குதித்து இறங்கி, அந்தக் கூட்டத்துக்கு நடுவில் நின்று, தொண்டை கிழியக் கத்தினாள்.

“எங்கம்மாவுக்கு பாத்ரூம் போகணும்! எல்லாரும் செத்த நேரம் சும்மா இருங்க!”

ஹாரன்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. கட்டிய புருஷனிடமே சொல்லாத ஒன்றை, ஒரு பஸ், ஒரு டிராக்டர், நாலைந்து பைக்குக்கு முன்னால் மகள் சொல்லிவிட்டாள். முடிந்தது. இனி இந்த வண்டி மட்டுமில்லை, கடல், கல்யாணம், கோயில் எல்லாம் முடிந்தது. அவள் இனிமேல் வாசலைத் தாண்ட மாட்டாள் என்று நினைத்தேன்.

ஜீப் கதவு திறந்தது. அவள் இறங்கினாள். யாரையும் பார்க்காமல் பெட்டியைப் பார்த்து நடந்தாள்.

எனக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை. அதுநாள்வரை நல்ல நேரம்கூடப் பார்க்காத நான், ஓடிப் போய் அவள் முன்னால் நின்று இரண்டு கையையும் விரித்தேன். “செத்த பொறு, தெக்க பாத்து நிக்குது! ஈசானியம்!”

“வழிய விடுங்க” என்றாள்.

விட்டேன். அவள் ஏறினாள். கதவு சாத்திக்கொண்டது.

அதன் பிறகு அந்த ரோட்டில் இருந்தது போன்ற ஒரு அமைதியை நான் எந்தக் கோயிலிலும் பார்த்ததில்லை. ஆண்கள் யாருக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. கண்டக்டர் பையிலிருந்த சில்லறையை எடுத்துப் பார்த்தார். டிராக்டர்காரர் தேங்காய்களைப் பார்த்தார். நான் டயரைப் பார்த்தேன். காற்று சரியாகத்தான் இருந்தது.

கதவு திறந்தது. அவள் கையைக் கழுவி முந்தானையில் துடைத்துக்கொண்டே படியில் வந்து நின்றாள். கூட்டத்தை நேராகப் பார்த்தாள். அவள் யாரையும் அப்படி நேராகப் பார்த்து நான் கண்டதில்லை.

பஸ்ஸின் ஜன்னலிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். மடியில் கூடை.

“யக்கா, உள்ள தண்ணி இருக்கா?”

“இருக்கு.”

“நானும் ஒரு எட்டுப் போயிட்டு வந்துரட்டா?”

நான் வாயைத் திறந்தபடி என் மனைவியைப் பார்த்தேன். ‘சோறு பொங்குற எடம்’ என்று சொல்லி முகம் கழுவியவள். “வாங்க” என்றாள்.

கூடைக்காரப் பெண் இறங்கி வந்தாள். அவள் உள்ளே போனதும் இன்னொருத்தி இறங்கினாள். பிறகு இரண்டு பேர். பிறகு மில் வேலைக்குப் போகிற பெண்கள் கூட்டமாக. வரிசை கேரவன் படியில் ஆரம்பித்து பஸ் படி வரைக்கும் நீண்டது. நான் ஜீப்பில் சாய்ந்து நின்றேன். இத்தனை பேரா? காலையில் பஸ் ஏறிச் சிரித்துப் பேசிக்கொண்டு வருகிற இவ்வளவு பேருமா?

டிரைவர் தலையை வெளியே நீட்டி, “ஏம்மா, டைம் ஆகுது, ஏறுங்க” என்றார்.

வரிசையில் நின்ற ஒருத்தி திரும்பினாள். “ஏலே, தெனமும் அந்த வேப்ப மரத்தடியில வண்டிய நிப்பாட்டிட்டு எறங்கிப் போறியே, நாங்க எந்த அன்னிக்காச்சும் டைம் ஆகுதுன்னு சொன்னமா?”

பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டார். ஆண்கள் எல்லாரும் ஒருவரும் சொல்லாமலேயே களத்தின் அந்தப் பக்கம் போய் வயலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்கள்.

என் மனைவி படியை விட்டு நகரவில்லை. ஒவ்வொருத்தியாக ஏற்றிவிட்டாள். “லைட்டு சுவிச்சு வலதுபக்கம். கீழ ஒரு கட்ட இருக்கும், அத மிதிச்சாத் தண்ணி வரும். கதவு நல்லாச் சாத்திக்கிடும், பயப்படாதிய.” கல்யாண வீட்டில் பந்திக்கு ஆள் அனுப்புகிற பெரிய மனுஷி மாதிரி இருந்தது. போன கல்யாணங்களில் எல்லாம் மூலையில் உட்கார்ந்திருந்தவள்.

நடுவில் தொட்டியில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். “நிக்கியளே, பம்புசெட்டுல தண்ணி ஓடுது பாருங்க. கொடத்தத் தூக்குங்க.”

தூக்கினேன். கண்டக்டரும் ஒரு குடம் தூக்கினார். வரப்பில் நடக்கும்போது பாதியைச் சட்டையிலேயே ஊற்றிக்கொண்டேன். “அண்ணே, கெழக்க பாத்துத் தூக்குங்கண்ணே” என்று அவர் சிரித்தார். என் மகள் அவருக்கு விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். என் வீட்டில் ரகசியம் காக்க இனி ஆளே இல்லை.

கடைசிப் பெண்ணும் இறங்கிய பிறகு ஆண்கள் வந்து கொக்கியைக் கழற்றி, பெட்டியைத் தள்ளி, ஜீப்பைத் திருப்பி, மறுபடியும் மாட்டிக் கொடுத்தார்கள். நான் பெட்டி எந்தத் திசையில் நிற்கிறது என்று பார்க்கவில்லை. ஜீப்பில் ஏறி உட்கார்ந்து, பயந்துகொண்டே கேட்டேன்.

“வீட்டுக்குத் திரும்பிருவமா?”

“எதுக்கு?” என்றாள்.

“இல்ல… ஒருவாட்டி தெச தப்புனாலும் வித்துரணும்னு…”

“எங்க நிக்கணும்னு நான் சொல்லுதேன். நீங்க நிப்பாட்டுனாப் போதும். திருப்புற வேல வேண்டாம். உங்களுக்கு அது வரல.”

பஸ் கிளம்பி எங்களைத் தாண்டிப் போனது. ஜன்னலெல்லாம் கைகள். கூடை வைத்திருந்த பெண் மட்டும் கழுத்தை வெளியே நீட்டிக் கேட்டாள்.

“யக்கா, நாளைக்கும் இந்த வழியா வருவியளா?”

அவள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

என் மனைவி ஜீப்பிலிருந்து பாதி உடம்பு வெளியே எட்டிக் கத்தினாள். “நாளைக்கு இல்லக்கா! கடலப் பாத்துட்டுத் திரும்பி வாரப்ப வாரோம்! இதே வழியாத்தான் வாரோம்!”

திரும்பும்போது இந்தச் சந்துபொந்துக்குள் எல்லாம் நுழையாமல் பெரிய ரோட்டிலேயே வந்துவிடுவது என்று நான் அப்போதுதான் மனதுக்குள் சபதம் எடுத்திருந்தேன். அதை அவளிடம் சொல்லவில்லை. அவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து மடக் மடக்கென்று குடித்துவிட்டு, மூடியைத் திருகிக்கொண்டே, “என்ன பாக்கிறிய, வண்டிய எடுங்க” என்றாள்.